குப்பியோ மலையின் கல்லேடு

சரித்திரம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன அரசரும் போர்களும், கோட்டைகளும் கல்வெட்டுக்களுமே. மனிதன் எழுதி வைத்ததே சரித்திரம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இந்தப் பூமி தன் சரித்திரத்தைத் தானே எழுதத் தொடங்கிவிட்டது. அது எழுதிய ஏடு கல். எழுத்துக்களோ கடலில் வாழ்ந்து மடிந்த சிற்றுயிர்களின் ஓடுகள். அவ்வாறெழுந்த ஏடுகளுள் மிகவும் புகழ்பெற்ற ஒன்று இத்தாலி நாட்டு மலையொன்றில் இருக்கிறது. அதனை வாசிக்க முயன்றவர் யாவர், அவர் எவ்வாறு வாசித்தனர், வாசித்ததனால் உலகம் அறிந்த உண்மை யாது என்பவற்றை இக்கட்டுரையிற் காண்போம்.

ஊரும் மலையும்

இத்தாலியின் முதுகெலும்பு போல வடக்கிலிருந்து தெற்காக நீண்டு கிடப்பது அப்பினைன் மலைத்தொடர். அதன் நடுப்பகுதியில், உம்பிரியா மாகாணத்தில், இஞ்ஞீனோ என்னும் மலையின் அடிவாரத்தில் அமைந்த பழம்பெரும் நகரம் குப்பியோ. பண்டைக்காலத்தில் இதற்கு இகுவியம் என்று பெயர். பிற்காலத்து இலத்தீனில் இயூகுபியம் என்றனர். 1444ஆம் ஆண்டில் இந்நகரிலே ஏழு வெண்கலத் தகடுகள் கண்டெடுக்கப்பட்டன. இலத்தீன் மொழி பரவுமுன் அப்பகுதியிலே வழங்கிப் பின் முற்றாக மறைந்துபோன உம்பிரிய மொழியில், குருமார் செய்ய வேண்டிய பலி, பிரார்த்தனை முதலிய கிரியை முறைகள் அத்தகடுகளிற் பொறிக்கப்பட்டுள்ளன. மறைந்த ஒரு மொழியைப் பற்றி நாம் அறிவதிற் பெரும்பகுதி அந்த ஏழு தகடுகளால் அறிந்ததே. நம் நாட்டாருக்குச் செப்பேடுகளும் ஏட்டுச் சுவடிகளும் எத்தகைய செல்வமோ, அத்தகைய செல்வம் அவை குப்பியோ மக்களுக்கு.

நகரிலிருந்து மலைக்குட் புகும் பாதை பொத்தாச்சோனே என்னும் ஒடுங்கிய பள்ளத்தாக்கின் வழியே செல்கிறது. அப்பாதையின் ஓரத்திலே சுவர்போல நிற்கும் பாறைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெண்மையும் இளஞ்சிவப்புமான சுண்ணாம்புக்கல் அடுக்குகள் அவை. ஒவ்வோர் அடுக்கும் சில அங்குலத் தடிப்பு. ஒருகாலத்திற் கடலடியிலே மட்டமாகப் படிந்த அவ்வடுக்குகள், பூமியின் மேலோட்டுப் பாளங்கள் ஒன்றையொன்று நெருக்கிய காலத்தில் மடிந்தும் சாய்ந்தும் மேலெழுந்து மலையாயின. அடுக்குகள் சரிந்து நிற்பதால் பாதைவழியே ஒரு திசையில் நடப்பவன் பழைய அடுக்கிலிருந்து புதிய அடுக்கை நோக்கி நடக்கிறான்; அஃதாவது காலத்தின் ஊடாகவே நடக்கிறான். ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை; வழிநடந்தாற் போதும்.

மலைமேற் கடற்சிப்பி

மலையுச்சியிலே கடற்சிப்பி எவ்வாறு வந்தது என்ற கேள்வி பழமையானது. ஐரோப்பாவிலே நெடுங்காலம் இதற்கு இரு விடைகள் கூறப்பட்டன. கற்களிலே தாமாக விளைந்த விநோத வடிவங்களே அவை என்பார் ஒரு சாரார். வேதாகமத்திற் சொல்லப்பட்ட பெருவெள்ளம் அள்ளி வந்து போட்டவை என்பார் மற்றொரு சாரார்.

ஓவியராகப் புகழ்பெற்ற லியனார்டோ டா வின்சி இவ்விரண்டையும் ஏற்கவில்லை. உயிருள்ள மட்டி நாளொன்றுக்குச் சில முழ தூரமே ஊர்ந்து செல்லும். அவ்வாறாயின் அது அதிரியாத்திக் கடலிலிருந்து 250 மைலுக்கு அப்பாலுள்ள மலைநாட்டை 40 நாளில் அடைந்திருத்தல் இயலுமோ என்று அவர் தம் குறிப்பேட்டிற் கேட்டார். சிப்பிகள் ஒரே படையாக அன்றிப் பல படைகளாக ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதையும் சுட்டிக்காட்டினார். ஒருமுறை வந்த வெள்ளம் பல படைகளை இடாதன்றோ? ஆனால் அவருடைய குறிப்புக்கள் அக்காலத்தில் அச்சேறவில்லை. அதனால் அவ்வுண்மை பலருக்கு எட்டவில்லை.

பின்னர் டென்மார்க்கிற் பிறந்து புளோரன்ஸ் நகரில் வைத்தியராக விளங்கிய நிக்கொலாஸ் ஸ்தேனோ 1666இல் ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்தார். அதன் பற்கள், பாறைகளிற் கிடைத்து “நாக்குக்கல்” என்று வழங்கிய பொருளையே ஒத்திருக்கக் கண்டார். 1669இல் அவர் வெளியிட்ட நூலிலே ஓர் எளிய விதி கூறப்பட்டது: நீரிற் படிந்த அடுக்குகளிற் கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது. நெல்மூட்டைகளை அடுக்குபவனும் அறிந்த உண்மைதான் இது. ஆயினும் இந்த ஒரு விதியின் மேலேயே புவிச்சரிதவியல் என்னும் சாத்திரம் முழுவதும் எழுந்து நிற்கிறது.

ஓடுகளால் ஆகிய கல்

பாறை அடுக்குகளைக் காலமுறைப்படி வகுத்த அறிஞர்கள், 1822ஆம் ஆண்டளவில் ஒரு காலப்பகுதிக்குக் கிரெத்தேசியஸ் என்று பெயரிட்டனர். இலத்தீனிலே “கிரேத்தா” என்பது சீமைச்சுண்ணாம்பு. அக்காலத்திற் படிந்த சீமைச்சுண்ணாம்புக் கல் ஐரோப்பாவிற் பரந்து கிடந்ததால் வந்த பெயர் இது. இன்றைய கணிப்பின்படி இக்காலம் ஏறக்குறைய 14½ கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. நிலத்தில் டைனோசர் என்னும் பெரும் பல்லியினங்களும், கடலில் அம்மோனைற்று என்னும் சுருட்சங்கு உயிர்களும் செழித்திருந்த காலம் அது.

குப்பியோவின் அடுக்குகளுட் பழையவை வெண்மையானவை. அவற்றை மயோலிக்கா என்பர். புதியவை இளஞ்சிவப்பானவை, அவற்றுக்கு ஸ்காலியா ரொஸ்ஸா என்று பெயர். “ஸ்காலியா” என்றால் செதில். தட்டினால் செதில் செதிலாகப் பிளப்பதால் இப்பெயர் பெற்றது. மத்திய இத்தாலியிலே பல நகரங்களின் வீடுகளும் கோயில்களும் இக்கல்லாற் கட்டப்பட்டவை. அசிசி நகரம் மாலை வெயிலிலே இளஞ்சிவப்பாக ஒளிர்வதற்கும் இக்கல்லே காரணம்.

இக்கல்லில் பெரிய சங்குகளையும் மீன்முட்களையும் தேடுவோர் ஏமாற்றமடைவர். ஆயினும் உயிர்ச்சுவடு மலிந்த கல் என்று இதனைச் சொல்வது மிகையன்று. ஏனெனில் இக்கல் முழுவதுமே உயிர்ச்சுவடுதான். கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழும் சில பாசியினங்கள் தம் உடலைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகளை ஆக்குகின்றன. ஒவ்வொரு தகடும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கு அளவே. அவற்றோடு பொராமினிபெரா என்னும் ஒருகல உயிர்களும் மிதந்து வாழ்கின்றன. அவை மணற்பருமனான ஓடுகளை அறை அறையாகக் கட்டிக்கொள்பவை. இவ்வுயிர்கள் மடிய, ஓடுகளும் தகடுகளும் ஆழ்கடலின் அடியிலே ஓயாத பனிபோல விழுந்து சேறாகப் படிகின்றன. அச்சேறே காலப்போக்கில் இறுகிக் கல்லாகிறது. குப்பியோவின் கடலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர் கல்லே படிந்தது. ஆகவே ஒரு சாண் உயரக் கல்லைத் தொடுகின்றவன் 20,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தைத் தொடுகிறான்.

இவ்வேட்டில் இடையிடையே வேறு நிற அடுக்குகளும் உண்டு. வெள்ளைக் கல்லின் நடுவே ஏறக்குறைய ஒரு மீற்றர் தடிப்பான கரிய படை ஒன்று காணப்படுகிறது. அதனை ஆராய்ந்து 1891இல் எழுதிய கைடோ பொனரெல்லி என்பவரின் பெயராலேயே அது இன்று அழைக்கப்படுகிறது. ஏறக்குறைய 9 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலில் ஒட்சிசன் அற்றுப்போய், இறந்த உயிர்கள் மக்காமற் கருமையாகப் படிந்த காலத்தின் அடையாளம் அது. கடலின் சுகமும் துக்கமும் யாவும் அம்மலையிற் பதிவாகியுள்ளன.

கிழிந்த ஏடா?

கிரெத்தேசியஸ் காலம் முடியும் இடத்திலே உயிரினங்கள் திடீரென மாறுவதைப் பழைய அறிஞர்களும் அறிவர். கீழ் அடுக்கிலே மலிந்திருந்த அம்மோனைற்று மேல் அடுக்கில் ஒன்றும் இல்லை. பிரான்சு தேசத்துக் குவியே முதலியோர், உலகத்தில் இடையிடையே பேரழிவுகள் நேர்ந்தன என்றனர். ஆனால் இங்கிலாந்திலே சாள்ஸ் லயெல் 1830 முதல் வெளியிட்ட பெருநூல் இக்கொள்கையை மறுத்தது. இன்று நம் கண்முன் நிகழும் மழையும் ஆறும் எரிமலையும் அலையுமே நெடுங்காலம் மெல்ல மெல்லத் தொழிற்பட்டு உலகத்தை ஆக்கின என்றார் அவர். திடீர் மாற்றம்போலத் தோன்றும் இடங்களிலே உண்மையிற் பாறை ஏட்டின் பல பக்கங்கள் கிழிந்து போயின என்பது அவர் தந்த விளக்கம். இடைப்பட்ட அடுக்குகள் படியாமலோ அரித்துச் செல்லப்பட்டோ விட்டன. ஆதலால் நெடுங்காலத்து மாற்றம் ஒருநாள் மாற்றம் போலத் தோன்றுகிறது என்று அவர் கருதினார்.

அக்கொள்கை நூறாண்டுகளுக்கு மேலாகப் புவிச்சரிதவியலாரின் வேதவாக்காக இருந்தது. அதனாற் பெரும் நன்மையும் விளைந்தது. வீண் கற்பனைகள் ஒழிந்தன, நிதானமான ஆராய்ச்சி வளர்ந்தது. ஆனால் எந்த நல்ல கொள்கையும் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டால் அறிவுக்குத் தடையாகி விடுகிறது. “திடீர் அழிவு” என்று வாய்திறந்தவனை நகையாடும் நிலை வந்துவிட்டது.

இந்த நிலையிலேதான் குப்பியோவின் கல் பேசத் தொடங்கியது. சுவிற்சலாந்தைச் சேர்ந்த ஒற்றோ ரென்ஸ் 1936இல் இக்கற்களைக் கண்ணாடி போன்ற மெல்லிய தகடுகளாகச் சீவி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, பொராமினிபெரா ஓடுகளின் குறுக்கு வெட்டு உருவங்களை ஆராய்ந்தார். அவர் இட்ட வழியிலே ஹான்ஸ்பீற்றர் லூத்தர்பாக்கரும், இசபெல்லா பிரெமோலி சில்வா என்னும் இத்தாலியப் பெண்மணியும் அடுக்கடுக்காக ஆராய்ந்து 1964இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கிரெத்தேசியஸின் கடைசி அடுக்கிலே பெரியனவும் அழகியனவுமான ஓடுகள் பல இனங்களாக நிறைந்திருந்தன. அதற்குச் சற்று மேலேயுள்ள அடுக்கிலோ அவ்வினங்கள் ஒன்றும் இல்லை. மிகமிகச் சிறிய ஓடுகள் சிலவே இருந்தன. அச்சிறு உயிர் ஒன்றுக்கு அவர்கள் அந்நகரின் பழம்பெயராலேயே “இயூகுபினா” என்று பெயரிட்டனர்.

அவ்விரு அடுக்குகளுக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர் தடிப்பான களிமண் படை ஒன்றுதான். கீழே கல், மேலே கல், நடுவே சுண்ணாம்பே கலவாத களி. கைவில்லை ஒன்று வைத்திருப்பவன் எவனும் இந்த வேறுபாட்டைத் தன் கண்ணாலேயே காணலாம்.

தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

1970களின் தொடக்கத்தில் அமெரிக்கப் புவிச்சரிதவியலார் வால்ற்றர் அல்வாரெஸ், வில்லியம் லோறி என்பவரோடு குப்பியோவுக்கு வந்தார். அவர்கள் வந்தது உயிரினங்களின் அழிவை ஆராய அன்று. சேறு படியும்போது அதிலுள்ள இரும்புத் துணிக்கைகள் சிறு திசையறி கருவிகள் போலப் பூமியின் காந்தப்புலத்தின் திசையிலே நின்று இறுகிவிடும். அத்திசையை அளந்து, இத்தாலி நிலப்பாளம் பண்டைக்காலத்தில் எவ்வாறு திரும்பியது என்று அறிவதே அவர்கள் நோக்கம். ஆனால் கல்லிற் பதிந்திருந்தது வேறொரு செய்தி. பூமியின் காந்தப்புலம் பலமுறை தலைகீழாக மாறியதை அடுக்குகள் ஒழுங்காகப் பதிந்து வைத்திருந்தன. “கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது” என்பது நம்மவர் பழமொழி; இங்கே புறப்பட்டது நல்ல பூதம்.

குப்பியோவின் காந்த மாற்றங்களும் சமுத்திரங்களின் அடித்தளத்திலே அளக்கப்பட்டிருந்த காந்த மாற்றங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஆதலால் சமுத்திரத்தளத்தின் வயதைக் கணிப்பதற்கு இம்மலை ஓர் அளவுகோலாயிற்று. இவ்வாராய்ச்சிகள் 1977இல் வெளிவந்தன. அதனினும் முக்கியமான பயன் மற்றொன்று: களிமண் படையின் கீழும் மேலும் காந்தப்பதிவு முறைப்படி தொடர்ந்து சென்றது. நீண்டதொரு காலப்பகுதி அங்கே விடுபட்டுப் போகவில்லை. ஏடு கிழியவில்லை! அவ்வாறாயின் அச்சிறு களிமண் படைக்குள் நடந்ததுதான் என்ன? அது படிய எத்தனை காலம் சென்றது?

தந்தையும் மகனும்

வால்ற்றர் இக்கேள்வியைத் தம் தந்தையாரிடம் கொண்டு சென்றார். தந்தையார் லூயிஸ் அல்வாரெஸ் 1968இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்ற அணு விஞ்ஞானி. எகிப்திலே காப்ரே மன்னனின் பிரமிட்டுக்குள் மறைந்த அறை உண்டோ என்று அண்டக்கதிர்களைக் கொண்டு ஆராய்ந்தவரும் அவரே. (அறை ஒன்றும் இல்லை என்று கண்டார்.) மகன் கொடுத்தது களிமண் படையோடு கூடிய ஒரு கற்றுண்டு. நோபல் பரிசு பெற்ற முதியவர் தமக்குத் தெரியாத ஒரு சாத்திரத்தின் கேள்வியைத் தம் மகனிடமிருந்து கேட்டுக்கொண்டார். மகனும் தமக்குத் தெரியாத வித்தையைத் தந்தையிடம் கேட்கத் தயங்கவில்லை.

காலத்தை அளக்கத் தந்தையார் ஓர் உபாயம் கூறினார். இரிடியம் என்னும் மூலகம் பூமியின் மேலோட்டில் மிக அரிது. பூமி உருகிக் கிடந்த காலத்தில் அது இரும்போடு சேர்ந்து நடுவயிற்றுக்குள் அமிழ்ந்துவிட்டது. ஆனால் ஆகாயத்திலிருந்து ஓயாது விழும் விண்கற்றூளில் அது சற்று மிகுதியாக உண்டு. தூள் ஒரே வீதத்தில் விழுகிறதென்று கொண்டால், களிமண்ணில் இரிடியம் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்குக் காலமும் சென்றிருக்கும். பேர்க்கிலி ஆய்வுகூடத்தில் பிராங் அசாரோ, ஹெலன் மிச்செல் என்னும் இரசாயன அறிஞர் இருவர் இம்மாதிரிகளை நியூத்திரன்களாற் தாக்கி, மிக நுண்ணிய அளவுகளையும் அளந்தனர்.

1978இற் கிடைத்த விடை யாவரையும் திகைக்க வைத்தது. களிமண்ணிலே இரிடியம் அயற் கற்களில் உள்ளதைவிட ஏறக்குறைய 30 மடங்கு அதிகமாக இருந்தது. மெல்ல விழும் தூளினால் இவ்வளவு சேர இயலாது. குப்பியோவில் மட்டும் நேர்ந்த புதுமையோ என்று ஐயுற்று டென்மார்க்கிலுள்ள ஸ்தேவன்ஸ் கிளின்ற் கடலோரக் களிமண்ணை ஆராய்ந்தனர். அங்கே 160 மடங்கு. பூமியின் மறுபுறத்திலுள்ள நியூசீலந்தில் 20 மடங்கு. ஆகவே இது ஊர்ச் செய்தி அன்று, உலகச் செய்தி.

அண்மையில் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்குமோ என்று முதலில் எண்ணினர். அவ்வாறாயின் புளூட்டோனியத்தின் ஒரு வகையும் களிமண்ணில் இருத்தல் வேண்டும். சோதித்தபோது அது இருப்பதாகவே தோன்றியது! ஆனந்தத்தோடு அறிவித்திருக்கலாம். ஆனால் அவர்கள் மற்றொரு மாதிரியை எடுத்து மீண்டும் முதலிலிருந்து சோதித்தனர். இம்முறை ஒன்றும் இல்லை. முன்னர்க் கண்டது ஆய்வுகூடத்திற் கலந்த மாசே என்று தெரிந்தது. தம் கருத்தைத் தாமே கைவிட்டனர். விஞ்ஞானியின் நேர்மைக்கு இதனிலும் சிறந்த உதாரணம் வேண்டுமோ?

முடிவாக 1980ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நால்வரும் சேர்ந்து தம் கட்டுரையை வெளியிட்டனர். ஏறக்குறைய 10 கிலோமீற்றர், அஃதாவது ஆறு மைல், குறுக்களவுள்ள ஒரு சிறுகோள் பூமியில் மோதியது, எழுந்த தூள் ஆகாயத்தை மூடிச் சூரிய ஒளியைத் தடுத்தது, ஒளித்தொகுப்பு நின்றது, தாவரம் வாட, அதை உண்பனவும், அவற்றை உண்பனவும் அழிந்தன என்பது அவர்களின் முடிபு. ஒல்லாந்தரான யான் சிமித் என்பவரும் ஸ்பானியாவின் கரவாக்கா என்னும் இடத்திலே தனியாக ஆராய்ந்து அதே ஆண்டில் அதே கருத்தை வெளியிட்டார் என்பதையும் மறத்தலாகாது. குப்பியோக் களிமண்ணிலே சுண்ணாம்பு இல்லாததன் காரணமும் இப்போது விளங்கியது: சுண்ணாம்பை ஆக்கும் உயிர்களே பெரும்பாலும் மடிந்துவிட்டன.

வழக்கும் தீர்ப்பும்

கட்டுரை வெளிவந்ததும் பெரும் வாதம் எழுந்தது. தொல்லுயிர் ஆய்வாளர் பலர் இதனை ஏற்கவில்லை. அழிவு மெல்ல நடந்தது என்றனர் சிலர். எரிமலைகளே காரணம் என்றனர் வேறு சிலர். “மோதியது உண்மையானால் மோதிய பள்ளம் எங்கே?” என்று கேட்டனர் எல்லோரும். நியாயமான கேள்வியே. வாதத்தின் சூட்டில் லூயிஸ் அல்வாரெஸ், தொல்லுயிர் ஆய்வாளரை முத்திரை சேகரிப்போருக்கு ஒப்பிட்டுப் பேசினார். பெரியவரின் இச்சொல் பொருந்தாச் சொல் என்றே நாம் கருத வேண்டும். நுணுக்குக்காட்டியின் முன் ஆண்டுக்கணக்காகக் குனிந்திருந்து ஓடுகளுக்குப் பெயரிட்டு வகுத்த ரென்சும் லூத்தர்பாக்கரும் இசபெல்லா அம்மையாரும் இல்லாவிடின், எந்த அங்குலத்தில் இரிடியத்தைத் தேடுவதென்று நோபல் பரிசாளருக்கும் தெரிந்திராது.

பள்ளம் முன்னரே ஒருவகையிற் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. மெக்சிக்கோவின் யுக்கத்தான் குடாநாட்டில் எண்ணெய் தேடிய கிளென் பென்பீல்ட் 1978இல் காந்த அளவைப் படங்களில் மாபெரும் வட்ட வடிவம் ஒன்றைக் கண்டார். அவரும் அந்தோனியோ கமார்கோவும் 1981இல் ஒரு மாநாட்டில் அதனை அறிவித்தனர். ஆனால் கேட்டவர் கவனிக்கவில்லை. கவனித்த ஒருவர் விஞ்ஞானி அல்லர், கார்லோஸ் பையர்ஸ் என்னும் பத்திரிகை நிருபர். 1990இல் அப்பள்ளத்தைத் தேடித் திரிந்த அலன் ஹில்டபிராண்ட் என்னும் ஆராய்ச்சி மாணவருக்கு அந்நிருபரே இச்செய்தியைச் சொன்னார். பழைய எண்ணெய்க் கிணறுகளில் எடுத்த கற்கள் தேடி ஆராயப்பட்டன. மோதலில் நொருங்கிய படிகங்கள் அவற்றில் இருந்தன. 1991இல் முடிவு வெளியாயிற்று. சிக்சுலூப் என்னும் அப்பள்ளம் ஏறக்குறைய 180 கிலோமீற்றர் அகலமானது. பின்னாளிற் படிந்த சுண்ணாம்புக்கல்லின் கீழே புதைந்து கிடக்கிறது. தந்தையார் லூயிஸ் 1988இலேயே காலமாகிவிட்டார். தாம் ஊகித்த பள்ளத்தை அவர் அறியும் பேறு பெறவில்லை.

2010இல் உலகின் பல நாடுகளைச் சேர்ந்த 41 அறிஞர் ஒன்றுகூடி எல்லாச் சான்றுகளையும் ஆராய்ந்து, மோதலே பேரழிவின் காரணம் என்று தீர்மானித்தனர். 2016இற் கடலின் கீழே அப்பள்ளத்தைத் துளைத்து எடுத்த கல்லிலும் இரிடியம் உண்டென 2021இல் அறிவிக்கப்பட்டது. அக்கடைசி நாளிலே உலகத்து உயிரினங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அழிவின் வாயிற் புகுந்தன என்பது இன்றைய கணிப்பு. அதற்கு முன்னரே இந்தியாவின் தக்கணத்தில் எரிமலைக் குழம்பு பெருகத் தொடங்கியிருந்தது. இன்றும் ஏறக்குறைய 5 இலட்சம் சதுர கிலோமீற்றர் நிலத்தை அக்கருங்கல் மூடியிருக்கிறது. அதுவும் உயிர்களை நலியச் செய்ததா, எவ்வளவு செய்தது என்ற வாதம் ஓயவில்லை.

நம் அயலில்

இத்தாலியக் கல்லின் கதை நமக்கு அந்நியமானதன்று. ஸ்காலியா ரொஸ்ஸா படிந்துகொண்டிருந்த அதே காலத்தில் தமிழகத்தின் அரியலூர்ப் பகுதியையும் கடல் மூடியிருந்தது. அங்குள்ள சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகளும் அம்மோனைற்றுக்களும் நிறைந்துள்ளன. 1862இல் பிளான்போர்ட் என்பவர் அவ்வடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். மொராவிய நாட்டிற் பிறந்து இந்தியாவுக்கு வந்த பேர்டினாண்ட் ஸ்தொலிச்காவோ அவ்வுயிர்ச்சுவடுகளைப் பெருநூல்களாக எழுதி, 1874இல் இமயமலைக்கு அப்பாலிருந்து திரும்பும் வழியிலே உயிர்நீத்தார். அந்தக் கல்லே இன்று சீமெந்தாகி நம் இனத்தவரின் வீடுகளுக்குச் சுவராகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கிணறு வெட்டுவோர் காணும் வெண்கல் இவற்றுக்கெல்லாம் மிகப் பிந்திய மயோசீன் காலத்தது. ஆயினும் அதுவும் கடல் எழுதிய ஏடே. துலாக்காலின் கீழே கிடக்கும் கல்லைப் புரட்டிப் பார்த்த பிள்ளை எவனும் அதிற் சிப்பியின் அச்சையும் முருகைக்கல்லின் உருவையும் கண்டிருப்பான். கண்டும் காணாமற் போனோம், அவ்வளவே வேறுபாடு.

முடிவுரை

குப்பியோவின் களிமண் படைக்கு நேர்ந்ததையும் ஈண்டுச் சொல்ல வேண்டும். புகழ் பரவியதும் வந்தவர் ஒவ்வொருவரும் ஞாபகமாக ஒரு சிட்டிகை கிள்ளிச் சென்றனர். அதனாற் பாதையோரத்திலே களிமண் இருந்த இடம் குடைந்த பள்ளமாயிற்று. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டு பாதுகாத்து வைத்த மலையால், சில பத்தாண்டு மனிதரிடமிருந்து பாதுகாக்க இயலவில்லை. நம் கோயிற் கல்வெட்டுக்களும் ஏட்டுச் சுவடிகளும் எவ்வாறு அழிகின்றன என்பதை அறிந்த பெரியோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. எனினும் அப்பள்ளத்தாக்கின் பெருமை குறையவில்லை. கிரெத்தேசியஸ் காலத்தின் கம்பேனியன் என்னும் பிரிவு எங்கே தொடங்குகிறது என்பதற்கு உலகம் முழுவதற்குமான அடையாள இடமாக 2022இல் பொத்தாச்சோனேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இக்கதையிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை மூன்று. பெரியோர் வகுத்த கொள்கை போற்றத்தக்கது. ஆனால் கல் வேறு சொல்லுமாயின் கல்லின் சொல்லையே கேட்க வேண்டும். இளைஞரின் கேள்வியைப் பெரியோர் காது கொடுத்துக் கேட்பாராயின், இரு தலைமுறைகள் தனித்தனியே காணமுடியாத உண்மையை இரண்டும் சேர்ந்து காணும். மூன்றாவது, புகழ் ஒருவருக்குச் சேரும் இடத்தில், பெயர் தெரியாமற் குனிந்திருந்து உழைத்தவர் பலர் உண்டு என்பது. சுண்ணாம்புக்கல்லும் அவ்வாறே அன்றோ? கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடி ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன்றோ மலையாயிற்று.

அடுத்த விடுமுறையிலே கிணற்றடிக்குச் செல்லும் இளைஞன் ஒருவன் ஒரு கல்லைக் கையிலெடுத்து, “இது எப்போது கடலாயிருந்தது?” என்று கேட்பானாயின், அவனுக்கு விடை சொல்லப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் அமர்வாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் நிறைவேறும்.